ஆத்து ரவுண்டு

சென்னியப்பனிடம் மணி என்னவென்று கேட்டால், வண்டி ஆயிலைக் குளிரவைக்கத் தான் செய்த கூலரைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மணி சொல்வார். பீளமேட்டில் பட்டறை வைத்திருந்த அந்த மனிதருக்கு அப்படியொரு பெருமை. கூட இருப்பவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. புதிதாக வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

பெட்ரோல் வண்டி சாலையில் ஓடக் கூடாது என்று சட்டம் வந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆசை விடாதவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, பல்லடம் பக்கமிருந்த பந்தயத் தடத்துக்கு வண்டியை லாரியில் ஏற்றிவந்து, மனம் போல ஓட்டிவிட்டுப் போகலாம். பெட்ரோல் ஞாயிறு என்று அதற்குப் பேர். போட்டி இல்லை, பரிசு இல்லை. ஆனாலும் தன் வண்டி எத்தனை நொடியில் தடத்தைச் சுற்றி வந்தது என்பதை யாரும் மறந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த ஞாயிறு அவரிடம் மாட்டியது, வேடிக்கை பார்க்க வந்த திருப்பூர்த் தம்பதி.

"வேகமாப் போறது வித்தையே இல்லீங்க," என்று ஆரம்பித்தார். "நிறுத்தறதுதான் வித்தை. பெடலை அமுக்குனா பிரேக் ஆயில் போய்த் தள்ளுது, வண்டி நிக்குது. திருப்பத்துக்குத் திருப்பம் அமுக்க அமுக்க அந்த ஆயில் காயும். கொதிச்சு உள்ள குமிழி வந்துட்டா பெடல் பஞ்சு மாதிரி போயிரும், வண்டி நிக்காது. இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். சூடே ஏறாம முடுக்குனாலும் தப்பு, எச்சா ஏறுனாலும் தப்பு. அதனால நாலு ரவுண்டு முடுக்குனா ஒரு ரவுண்டு மெதுவா, பிரேக்கைத் தொடாம, காத்து வாங்கிட்டு வரோணும். டீயை ஆத்தற மாதிரி. நாங்க அதை ஆத்து ரவுண்டும்போம்."

"உங்க வண்டியும் ஆத்து ரவுண்டு போகுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என்ற கூலர் போட்ட வண்டிக்கு அதெல்லாம் தேவையே இல்லீங்க. ஆயில் சூடு அப்படியே நிக்கும், சாமி மாதிரி."

அவர் வாய் மூடவில்லை, தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி பேசிற்று. தடத்தில் ஓடும் வண்டிகள் பேசுவதை எல்லோரும் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி.

"அம்மிணி, பிரேக் ஆயில் எரநூத்தி எழுபதைத் தாண்டுதுங்க. ஒரு ரவுண்டு ஆத்திக்கலாமுங்."

பேசியது மயிலை. சென்னியப்பனின் சொந்த வண்டி. சாம்பல் நிறம், அதனால் காங்கேயம் காளைக்கு வைக்கிற பேரையே அதற்கும் வைத்திருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி ரங்கநாயகி. வாரம் முழுக்கக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, பெட்ரோல் ஞாயிறு வந்தால் நேர்ச்சாலையில் இருநூறைத் தொடுகிற பெண்மணி.

பக்கத்துக் கொட்டகையில் இருந்த வரதராஜன் இந்த மாதிரிச் சந்தர்ப்பத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கண் விழிப்பவர். அவரும் கூலர் செய்கிறவர்தான். தன் வண்டியைத் தானே ஓட்டுவார்.

"சென்னியண்ணா, நீங்க போட்டது கூலருங்களா, ஹீட்டருங்களா?"

திருப்பூர்த் தம்பதி தரையைப் பார்த்தார்கள். சென்னியப்பனுக்குக் காது மடல்வரை எரிந்தது.

ஆத்து ரவுண்டு முடித்து மயிலை கொட்டகைக்குள் வந்தது. சூடான வண்டிக்குக் கை பிரேக் போடக் கூடாது. சக்கரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, சூடு அளக்கும் டெம்பரேச்சர் கன்னை எடுத்து, சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பரில் பிடித்தார் சென்னியப்பன். நூற்றெண்பது. கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடித்தார். நூற்றுத் தொண்ணூறு. அவர் நெற்றியைச் சுருக்கினார். ஒரே ஒரு மெதுவான சுற்றில் இருநூற்றெழுபது இத்தனை தூரம் இறங்காது. அதிலும் காற்று படாமல் நிற்கிற வண்டியில் சூடு ஏறத்தான் செய்யும்; ஏறியே இவ்வளவுதான்.

"பெடல் எப்படியிருந்துது?" என்று கேட்டார்.

"இருந்துது," என்றாள் ரங்கநாயகி. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிற்காமல் நடந்து போனாள்.

இது அன்று முதல் தடவை அல்ல. மூன்று பெட்ரோல் ஞாயிறாக இதே கதை. இது வெறும் கேலியோடு போகிற விஷயமும் இல்லை. தெற்கத்தித் தடங்கள் எல்லாவற்றிலும் ஓடும் வண்டிகளுக்கு இனி ஒரே வகைக் கூலர் என்று முடிவாகி, சென்னியப்பனின் கூலர்தான் கடைசிச் சோதனைக்கு வந்திருந்தது. சோதனை ஓட்டத்தில் வண்டி இரண்டு ஆத்து ரவுண்டு வரை கேட்கலாம். மூன்றாவது கேட்டால் கூலர் தேறாது. அப்புறம் அவர் மணி கேட்டவனிடம் மணி மட்டும்தான் சொல்ல முடியும்.

தட அதிகாரி ஜோசபின் தூத்துக்குடிக்காரர். அளந்து பேசுவார்.

"உங்க கன் என்ன காட்டுனாலும் நான் எடுத்துக்க முடியாது சார். வண்டி சொல்றதுதான் கணக்கு. மனுசங்க பொய் சொல்லி ரெண்டு பேரு செத்த பொறவு வந்த விதி அது. அடுத்த பெட்ரோல் ஞாயிறு கடைசிச் சோதனை. சரி பண்ணிட்டு வாங்க."

பட்டறைக்கு வந்து சென்னியப்பன் மயிலையைப் பிரித்து மேய்ந்தார். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே பழையதை ஒட்ட வடித்துவிட்டு சீல் உடைக்காத டின்னிலிருந்து புதிது ஊற்றினார். குழாய்களை மாற்றினார். காற்று வரும் வழியை அகலப்படுத்தினார். சூடு அளக்கும் சென்சாரையே புதிதாகப் போட்டார். பட்டறைக்குள்ளேயே சக்கரத்தைச் சுழலவிட்டு பிரேக் பிடித்துப் பிடித்துச் சோதித்தார். சூடு சாமி மாதிரி நின்றது. ரங்கநாயகி தடத்தில் ஓட்டும்போது மட்டும்தான் ஏறுகிறது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குழாயைக் கேட்டாயிற்று, சென்சாரைக் கேட்டாயிற்று. வண்டியைக் கேட்கவில்லை.

அந்தக் காலத்து வண்டிகளுக்கு அறிவு உண்டு. ஓட்டுகிறவரின் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். மயிலை வந்த புதிதில் பாடப்புத்தகத் தமிழ் பேசியது. ஆறு வருடம் ரங்கநாயகியோடு சுற்றியதில் அசல் கோயம்புத்தூர் வண்டி ஆகிவிட்டது.

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"மயிலை, நீ சொல்ற சூடு நெசமா?"

"இல்லீங்க," என்றது மயிலை. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்ததைப் போல இருந்தது.

"ஏன் பொய் சொல்ற?"

"சூடு எனக்கில்லீங்க. அம்மிணிக்கு."

வண்டி திருட்டுப் போகாமல் காக்க, ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் கையின் நாடியையும் உடம்புச் சூட்டையும் வைத்து ஓட்டுகிறவரை அடையாளம் காணும் ஏற்பாடு எல்லா வண்டியிலும் இருந்தது. மயிலை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு வருசமா இருக்குதுங்க," என்றது. "ஓட்டிட்டு இருக்கறப்பவே திடீர்னு உடம்பெல்லாம் கொதிக்கும். நெஞ்சு படபடன்னு அடிக்கும். வேர்த்து ஊத்தும். ரெண்டு தடவை திருப்பத்துல கண்ணு இருட்டியிருக்குது. அந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுங்க. மாசாமாசம் வர்றது நிக்கற வயசு."

சென்னியப்பன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"முதல்ல கொட்டகையில நிக்கறப்ப, யாருக்கும் கேக்காம, நெசத்தைத்தான் சொன்னனுங்க. 'அம்மிணி, உங்களுக்குச் சூடு ஏறுது, கொஞ்சம் ஆத்திக்கலாம்'னு. என்னைப் பத்தி நீ பேச வேண்டாம், உன் வேலையைப் பாருன்னுட்டு என் குரலையே நிறுத்திப்போட்டாங்க. அப்புறம் பார்த்தேன். எனக்குச் சூடுன்னா உடனே காலை எடுக்கறாங்க. அவங்களுக்குச் சூடுன்னா இன்னும் முடுக்கறாங்க. வேற வழி தெரியலீங்க."

அந்தப் பட்டறையில் நாற்பது வகை ஆயில் இருந்தது. ஒவ்வொன்றும் எந்தச் சூட்டில் என்ன செய்யும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சென்னியப்பன் சொல்வார். இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனைவிக்கு ஒரு வருடமாக உடம்பு கொதித்தது அவருக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக பயமாக இருந்தது.

"நான் போய் ஜோசபின்கிட்டச் சொன்னா என்ன ஆகும், தெரியுமா?"

"தெரியுமுங்க. தெரிஞ்சே தப்பா அளவு சொன்ன வண்டிக்கு நினைவை அழிச்சிருவாங்க. உங்க கூலர் தேறிரும்."

"சொல்லாட்டி?"

"நான் இருப்பனுங்க. கூலர் தேறாது. அம்மிணி பத்திரமா வருவாங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ரங்கநாயகி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் சும்மா நின்றிருந்தாள். எதையும் எடுக்கவில்லை.

"என்ன புள்ள, என்ன பண்ற?"

"வெயிலு," என்றாள். அது மார்கழி மாதம்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவளை அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே வண்டி ஓட்டியவள். பொம்பளை என்பதற்காக ஒரு நொடி சலுகை கொடுத்தாலும் முகத்தில் அறைந்தது போல எடுத்துக்கொள்வாள். உன் உடம்புக்காகத்தான் வண்டி பொய் சொல்கிறது என்று சொன்னால், அடுத்த பெட்ரோல் ஞாயிறு ஆத்து ரவுண்டே போகாமல் எல்லோருக்கும் காட்டிவிடுவாள். கண் இருட்டுகிற ஓட்டுநரை இருநூறில் விடவும் முடியாது, ஓட்டாதே என்று சொல்லவும் அவருக்குத் துணிச்சல் கிடையாது. கூலர் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று நினைத்துப் பார்த்தார். அப்படி நினைக்க முடிந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பெட்டியை மூடாமலே விட்டுவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

சோதனை நாள் வந்தது. வரதராஜன் நாற்காலியைத் தடத்தின் பக்கம் நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மயிலை முதல் சுற்றுகளை மெதுவாக ஓடி ஆயிலைச் சூடேற்றிக்கொண்டு, பிறகு பறந்தது. முதல் ஆத்து ரவுண்டு கேட்டது. இரண்டாவது கேட்டது. ஓட்டம் முடியச் சற்று முன், மூன்றாவதும்.

"இன்ஜின் ஆயில் காயுதுங்க அம்மிணி. ஆத்திக்கலாமுங்."

மயிலை கொட்டகைக்குள் வந்து நின்றது. ஜோசபின் வந்தார். கூட ஒரு கூட்டமும் வந்தது.

"வருத்தமா இருக்கு சார். விதிப்படி உங்க கூலர் தேறல. வண்டியில வேற ஏதாவது பிரச்சினை உண்டும்னு நெனைக்கியளா? இருந்தா இப்பவே சொல்லணும்."

சென்னியப்பன் கூட்டத்தைப் பார்த்தார். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க மேடம். கூலர்லதான் குறை. நான் செஞ்சது சரியில்லை."

வரதராஜன் சிரிக்கத் தயாராக இருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ரங்கநாயகி வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்து வேர்வையைத் துடைக்காமல், புருஷனையே பார்த்தாள்.

"கூலர்ல குறையில்லீங்க மேடம்," என்றாள்.

"நாயகி, பேசாம இரு."

"நீங்க பேசாம இருங்க." ஜோசபினிடம் திரும்பினாள். "பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் உள்ள போகும். முப்பது வருசமாப் பெடல் மேல கால் வெச்சிருக்கறன், எனக்குத் தெரியாதுங்களா? இந்த வண்டியில ஒருநாள் கூடப் பெடல் கல்லு மாதிரி நிக்காம இருந்ததில்லை. மயிலை சொன்னது பொய். முதல் நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா ஆத்து ரவுண்டு போனிய?" என்றார் ஜோசபின்.

ரங்கநாயகி ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். சுற்றி நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாதிப் பேர் அவள் நேரத்தைத் தொட முடியாதவர்கள்.

"சூடு என்னுதுங்க," என்றாள். "என் உடம்புக்கு இப்ப அந்த வயசு. ஓட்டிட்டு இருக்கறப்பவே கொதிக்கும், கண்ணு இருட்டும். நிறுத்திக்கலாம்னு இருக்கும். நிறுத்துனா, அம்மிணிக்கு முடியலை போலிருக்குதுன்னு நீங்க எல்லாம் சொல்லுவீங்க. வண்டி தன் பேரைச் சொல்லி எனக்கு ரெஸ்ட் கொடுத்துது. சொகமா இருந்துது, வாங்கிக்கிட்டேன். வண்டி பேரு கெட்டா வண்டிக்கு வலிக்கப்போகுதான்னு நெனைச்சேன். இவரு பேரு கெடும்னு யோசிக்கலை." அவள் குரல் இறங்கியது. "தன் கூலர்ல குறைன்னு இந்த மனுசன் வாயால சொல்லுவாருன்னு நான் நெனைக்கவே இல்லை."

சென்னியப்பனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவளையே பார்த்தார்.

விதி விதிதான். கேட்டபோது மயிலையும் பொய்யை ஒப்புக்கொண்டதால், கூலர் தேறியதென்று ஜோசபின் அங்கேயே அறிவித்தார். மயிலையின் நினைவை அழிக்க உத்தரவும் அங்கேயே வந்தது. சொந்தக்காரர் முன்னிலையில் செய்ய வேண்டும். பொத்தானைத் தானே அமுக்குவதாக ரங்கநாயகி சொன்னாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொய் சொன்னதுக்கு மன்னிச்சுருங்க அம்மிணி," என்றது மயிலை.

"நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்," என்றாள் ரங்கநாயகி. "என்கிட்ட நெசம் பேச முடியாம பண்ணுனது நான்தான்."

"தண்ணி குடிங்க. இப்பவே நாடி எச்சா இருக்குது."

அவள் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். பிறகு ஸ்டீயரிங்கில் தலைவைத்து அழுதாள். அவள் அழுவதை யாரும் பார்க்காதபடி சென்னியப்பன் ஜன்னலை மறைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் அவர்கள் மருத்துவரைப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார், குளிர்நீர் ஓடும் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஓட்டலாமா என்று ரங்கநாயகி கேட்டாள். உடம்பு சொல்வதைக் கேட்டால் ஓட்டலாம் என்றார் அவர். அதற்கு அவள் ஒன்றும் சொல்லாததால் சென்னியப்பன் வீடு வரும்வரை பயந்துகொண்டே வந்தார்.

பெட்ரோல் ஞாயிறு வந்தது. அவர் கூலர் இப்போது சான்று பெற்ற கூலர். கொட்டகைக்கு யார் யாரோ வந்து கை கொடுத்தார்கள். அவர் காது ஒலிபெருக்கியிலேயே இருந்தது.

"எஞ்சின் எண்ணெயின் வெப்பநிலை சீராக உள்ளது," என்றது மயிலை, புதிதாக வந்த நாளின் குரலில். "தடுப்பான் எண்ணெயின் வெப்பநிலையும் சீராக உள்ளது. வேகத்தைத் தொடரலாம்."

ரங்கநாயகி தொடர்ந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறைந்தது. அந்தத் தடத்தில் மயிலை அதுவரை ஓடாத ஓட்டம். இன்னும் ஒரு சுற்று இப்படி வந்தால் தடத்தின் சாதனை அவள் பெயருக்கு வந்துவிடும். கொட்டகைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து தடுப்புச் சுவரோரம் நின்றார்கள். சென்னியப்பன் நேரம் காட்டும் பலகையைப் பார்க்கவில்லை. வண்டி போகிற திசையில் அவர் கண் இருந்தது. அவள் முடுக்கினால் நிறுத்த இப்போது யாரும் இல்லை.

ஒலிபெருக்கியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"சொல்லு புள்ள," என்று கொட்டகை மைக்கில் சொன்னார் சென்னியப்பன்.

"வண்டி நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் சூடு ஏறுது. ஆத்து ரவுண்டு வர்றேன்."

தடம் முழுக்கக் கேட்டது. தூரத் திருப்பத்தில் மயிலை வேகம் குறைந்து ஓரமாக ஒதுங்கி, காற்று வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தது.

வரதராஜன் எழுந்து வந்தார். கேலி பேசப் போகிறார் என்று சென்னியப்பன் நிமிர்ந்தார். அவர் பேசாமல் மேசைமேல் கிடந்த டெம்பரேச்சர் கன்னை எடுத்துக்கொண்டு தன் கொட்டகைக்குப் போனார். கொஞ்சம் முன்பு ஓட்டிவந்து நிறுத்தியிருந்த தன் வண்டியின் அடியில் குனிந்து பிடித்தார். அவர் வண்டி ஒவ்வொரு ஞாயிறும் இன்ஜின் ஆயில் காய்கிறது என்று சொல்லும்; அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆயில் கம்பெனிக்காரனைத் திட்டுவார். கன்னைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தார்; ஆயிலில் அப்படியொன்றும் சூடு இல்லை. பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

ஜோசபின் அவரிடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு சென்னியப்பன் பக்கம் வந்தார்.

"சாதனை கையை விட்டுப் போச்சே சார். இந்தச் சுத்துக்கு எவ்வளவு நேரம்?"

மயிலை கடைசித் திருப்பத்தைத் திரும்பி நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ரங்கநாயகி முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தாள். சென்னியப்பன் சுவரின்மேல் கையூன்றி, அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னிக்கு இந்தத் தடத்துல இதைவிட மெதுவா யாரும் வரலீங்க. ஓட்டறது என்ற சம்சாரம்."